காட்டு வழிக்கு எந்த வீல்சேர்?

ஒடுகத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது சுருக்கமாக இது. அவருடைய தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் இல்லை, கைகளில் நல்ல பலம். முகாமில் கொடுத்த மடக்கு வீல்சேர் வீட்டுக்குள் ஓடுகிறது. தோட்டத்து வழியில் இறக்கினால் நாலடிக்கு ஒருமுறை சிக்குகிறது, ஒருமுறை முன்பக்கமாகக் குப்புறவும் தள்ளிவிட்டது. அவருக்கோ பழையபடி அமிர்தி, ஜவ்வாது மலை என்று சுற்ற வேண்டும். சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட் ஓடும் மோட்டார் நாற்காலியை வெளிநாட்டு வீடியோவில் பார்த்திருக்கிறார்கள். அதை வரவழைக்கலாமா, அல்லது இங்கேயே பட்டறையில் வெல்டிங் வைத்து ஏதாவது செய்துகொள்ளலாமா என்பது கேள்வி.

நானும் வீல்சேரில் இருப்பவன்தான். வேலூர்ப் பக்கம் வீல்சேருக்கு அளவெடுத்துப் பொருத்தும் வேலையும் செய்கிறேன். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். பெல்ட் நாற்காலி வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது, இப்போதிருக்கும் நாற்காலியின் முன்னாலுள்ள சின்னச் சக்கரங்களைத் தரையைத் தொடாமல் செய்வது. மலையில் ஒற்றையடிப் பாதைக்கு அதுவும் போதாது, அதற்கு ஆட்களோடு போகும் வேறு வகை வண்டி இருக்கிறது. பட்டறையில் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது என்பதையும் சொல்கிறேன்.

மடக்கு நாற்காலியில் பின்னால் 24 அங்குலச் சக்கரம் இரண்டு, முன்னால் ஏழெட்டு அங்குலத்தில் காஸ்டர் என்ற திரும்பும் சின்னச் சக்கரம் இரண்டு. பிரச்சினை முழுக்க அந்தக் காஸ்டரில்தான். பெரிய சக்கரம் ஒரு கல்லைச் சந்தித்தால் சரிவாக ஏறிப் போய்விடும். அதே கல் சின்னச் சக்கரத்துக்குச் சுவர் மாதிரி குறுக்கே நிற்கும். சக்கரம் நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவரின் உடம்பு நிற்காது. தம்பி குப்புற விழுந்தது இப்படித்தான். இடுப்புத் தசை வேலை செய்யாதவருக்கு அந்த நொடியில் உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள முடியாது. மண்ணிலும் இதே கதை. மருத்துவமனை வகை நாற்காலியில் பின் அச்சு முதுகுச் சாய்வுக் குழாய்க்கு நேர் கீழே இருப்பதால், ஆளின் எடையில் கணிசமான பங்கு அந்த ஒல்லிக் காஸ்டர் மேல் இறங்குகிறது. பாலாற்று மணலில் ஒருமுறை இறக்கிப் பாருங்கள், பின்சக்கரம் உருளத் தயாராக இருக்கும், காஸ்டர் மட்டும் உழுதுகொண்டு நிற்கும்.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்களில் முக்கியமானவர் ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர். 1966ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர். ஏழை நாடுகளில் அந்தந்த ஊர்ப் பட்டறைகளோடு சேர்ந்து, மண் ரோட்டில் ஓடும் நாற்காலிகளை வடிவமைத்தார். அவருடைய விர்ல்விண்ட் அமைப்பின் ‘ரஃப்ரைடர்’ நாற்காலியைப் பார்த்தால் இரண்டு விஷயம் கண்ணில் படும். முன்சக்கரம் அகலமான ரப்பர், கல்லிடுக்கில் சிக்காது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நீளம் அதிகம், அதனால் குப்புற அடிக்காது. பிரிட்டனின் மோட்டிவேஷன் அமைப்பு செய்யும் மூன்று சக்கர நாற்காலியும் இதே எண்ணத்தில் வந்ததுதான். முன்னால் ஒரே சக்கரம், அதுவும் காலைத் தாண்டி வெகு தூரம் தள்ளி இருக்கும்.

சரி, தம்பிக்கு வருவோம். ஃப்ரீவீல் என்று ஒரு துணைச்சக்கரம் இருக்கிறது. 12 அங்குல விட்டம், காற்றடைத்த டயர். நாற்காலியின் ஃபுட்ரெஸ்ட்டில் கிளாம்ப் போட்டு மாட்டினால் காஸ்டர் இரண்டும் தரையிலிருந்து எழும்பிவிடும். நாலு சக்கர நாற்காலி மூன்று சக்கரமாகிவிட்டது, நீளமும் கூடிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பின்பக்கம் மாட்டிக்கொள்ளலாம். வயல் வரப்பை ஒட்டிய வண்டித் தடம், செம்மண் ரோடு, கோட்டை மைதானப் புல், எல்லாவற்றிலும் உடனே வித்தியாசம் தெரியும். என் கணக்கில், பணத்துக்கு இவ்வளவு பலன் தரும் வேறு பொருள் இந்தத் துறையில் இல்லை.

ஒரு சிக்கல். இது மடக்காத, ஃபுட்ரெஸ்ட் ஒரே குழாயாக இருக்கும் ரிஜிட் நாற்காலிக்கு என்று செய்தது. முகாம் நாற்காலியில் கால் வைக்கும் தட்டு இரண்டாகப் பிரிந்து, பக்கத்துக்கு ஒன்றாக ஆடும். அதில் மாட்டினால் தட்டுதான் வளையும். மடக்கு நாற்காலிக்குத் தனி அடாப்டர் உண்டு என்றாலும், முகாம் நாற்காலியின் குழாய் கனம் அதைத் தாங்குமா என்பதைப் பார்த்தே சொல்ல முடியும்.

பட்டறை வேலை இங்கேதான் உள்ளே வருகிறது. இரண்டு ஃபுட்ரெஸ்ட் குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு குறுக்குக் குழாய், அதிலிருந்து முன்னோக்கி ஒரு கை, அதன் முனையில் குழந்தை சைக்கிளின் 12 அங்குலச் சக்கரம். நல்ல வெல்டர் ஒருவரால் செய்யக்கூடியதுதான். ஆனால் சைக்கிள் ஃபோர்க்கை அப்படியே வைத்துவிடுவார்கள், அங்கே கவனம் வேண்டும். சைக்கிளில் ஃபோர்க் முன்பக்கம் வளைந்திருக்கும். இங்கே சக்கரத்தின் அச்சு, திரும்பும் தண்டுக்குப் பின்னால் வர வேண்டும். அப்போதுதான் நாற்காலி போகும் திசைக்குச் சக்கரம் தானாகத் திரும்பும். தண்டு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் நாற்காலி ஒரு பக்கமாகவே இழுக்கும், ஏற்றத்தில் தோள்பட்டை தனியாக வலிக்கும். பின்னோக்கி நகரும்போது சக்கரம் முழு வட்டம் சுற்றிக்கொள்ள இடம் வேண்டும், இல்லாவிட்டால் அது கால் விரலில் வந்து இடிக்கும். உணர்ச்சி இல்லாத காலில் இடித்தால் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். மாட்டிய பின் காஸ்டர் தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் எழும்பியிருந்தால் போதும். அதற்கு மேல் தூக்கினால் இருக்கை பின்னால் சாய்ந்து மல்லாத்திவிடும்.

செய்யவே கூடாதது பின்சக்கரத்தில் கை வைப்பது. ‘மவுண்டன் பைக் சக்கரத்தை மாட்டிவிடலாம் சார்’ என்று எந்த சைக்கிள் கடையிலும் சொல்வார்கள். சைக்கிள் சக்கரத்தை இரண்டு பக்கமும் ஃபோர்க் பிடித்திருக்கிறது. வீல்சேரின் பின்சக்கரத்துக்கு ஒரு பக்கம் மட்டும்தான் பிடிப்பு. அதனால்தான் அதன் அச்சு அத்தனை தடிமனாக இருக்கிறது. சைக்கிளின் ஒல்லி அச்சை ஒரு பக்கம் மட்டும் பிடித்து மாட்டினால் முதல் பள்ளத்திலேயே வளையும், இரண்டாவதில் முறியும். டயர் மட்டும் மாற்றலாம் என்றாலும் அளவைப் பார்க்க வேண்டும். இரண்டின் மேலும் 24 என்றுதான் போட்டிருக்கும். ஆனால் வீல்சேர் ரிம் பெரும்பாலும் 540 மில்லிமீட்டர், மவுண்டன் பைக்கின் 24 அங்குல ரிம் 507. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அந்த எண் இருக்கும். அதைப் படிக்காமல் வாங்கினால் வீட்டில் கிடக்கும்.

டயர் பேச்சு வந்ததால் முள்ளையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் சீமைக்கருவேலம் இல்லாத ஏரிக்கரை எது? நெருஞ்சி இல்லாத கொல்லை எது? வெளிநாட்டு விமர்சனங்களில் பஞ்சரைப் பற்றி ஒரு வரிதான் எழுதுவார்கள், இங்கே அதுதான் அன்றாடம். காற்றில்லாத கெட்டி ரப்பர் டயர் பஞ்சராகாது. ஆனால் கனம், அதிர்வை அப்படியே முதுகுக்குக் கடத்தும், மணலிலும் புதையும். காற்று டயரில் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றி, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. பையில் ஒரு டியூப், கைப்பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல் கட்டாயம் இருக்கட்டும். சக்கரத்தைத் தள்ளும் உள்ளங்கையிலும் முள் ஏறும், தோல் கையுறை போடச் சொல்லுங்கள்.

கையில் பலம் இருக்கிறவருக்கு இன்னொரு நல்ல வழி, நெம்புகோல் நாற்காலி. அமெரிக்காவின் எம்ஐடியில் ஏமஸ் விண்டர் குழுவினர் செய்த லெவரேஜ்டு ஃப்ரீடம் சேரை கிழக்கு ஆப்பிரிக்காவிலும் குவாத்தமாலாவிலும் இந்தியாவிலும் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நிமிர்ந்த கம்பி, அதை முன்னால் தள்ளினால் சைக்கிள் செயின் வழியாகச் சக்கரம் சுற்றும். கம்பியின் மேல் நுனியைப் பிடித்துத் தள்ளினால் இழுவிசை அதிகம், ஏற்றத்துக்கும் மணலுக்கும் அது. கீழே இறக்கிப் பிடித்தால் வேகம், சமதளத்துக்கு அது. பிடிக்கும் இடம்தான் கியர். கம்பியை முழுக்கப் பின்னால் இழுத்தால் பிரேக். செயின், பல்சக்கரம் எல்லாம் சைக்கிள் பாகங்கள் என்பதால் ஊர்க்கடையிலேயே ரிப்பேர் செய்யலாம் என்பது அவர்கள் கணக்கு. இதன் விற்பனை வடிவம் கிரிட் ஃப்ரீடம் சேர் என்ற பெயரில் அமெரிக்காவில் கிடைக்கிறது, விலை சில ஆயிரம் டாலர். பிரிட்டனின் மவுண்டன் ட்ரைக்கும் நெம்புகோல் வண்டிதான், ஆனால் அமைப்பு தலைகீழ்: பெரிய சக்கரம் இரண்டும் முன்னால், சின்னது பின்னால். கல்லை முதலில் சந்திப்பது பெரிய சக்கரம் என்பதால் ஏறிவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் மிக எளிய தீர்வு.

இந்த மூன்று சக்கர வண்டிகளில் ஒரு குறை உண்டு, நம் ஊர்த் தடத்தில்தான் அது தெரியும். மாட்டுவண்டியும் டிராக்டரும் போன தடத்தில் இரண்டு பள்ளம், நடுவில் புல்லும் கல்லுமாக மேடு. பின்சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரம் அந்த மேட்டில்தான் ஓடியாக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பள்ளத்தை விட்டு விலகி ஓரமாகப் போகப் பழக வேண்டும்.

மோட்டார் வேண்டுமென்றால் இறக்குமதிக்கு முன்னால் சென்னையைப் பாருங்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியை சுஜாதா சீனிவாசன் நடத்தும், மறுவாழ்வுக் கருவிகளுக்கான டிடிகே ஆய்வு மையத்திலிருந்து கிளம்பிய நியோமோஷன் நிறுவனம், அளவெடுத்துச் செய்யும் நியோஃப்ளை நாற்காலியையும், அதன் முன்னால் மாட்டும் நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பையும் 2020ல் கொண்டுவந்தது. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். அன்றைய விலை நாற்காலிக்கு 40 ஆயிரம் அளவில், இணைப்புக்கு 55 ஆயிரம் அளவில். ஒடுகத்தூரிலிருந்து அணைக்கட்டுக்குப் போய்வர, வேலைக்குப் போக, இதைவிட நல்லது சொல்ல மாட்டேன். ஆனால் மலைப்பாதைக்கு என்று எதிர்பார்க்காதீர்கள். முன்சக்கரம் இழுக்கும் எந்த வண்டிக்கும், கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள் உட்பட, இது பொருந்தும்: ஏற்றத்தில் ஆளின் எடை பின்னால் போய்விடும், முன்சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும், சரளைக்கல்லில் அது நின்ற இடத்திலேயே சுற்றும்.

வீடியோவில் பார்த்த பெல்ட் நாற்காலி அமெரிக்காவின் ஆக்‌ஷன் ட்ராக்சேர் அல்லது அது போன்ற ஒன்றாக இருக்கும். சேறு, பனி, மணல் எல்லாம் தாண்டும், சந்தேகமில்லை. விலை பத்தாயிரம் டாலருக்கு மேல், எடை 150 கிலோவுக்கு மேல். கொண்டுபோக டெம்போ வேண்டும். காட்டுக்குள் பேட்டரி தீர்ந்தால் தூக்கி வர முடியாது. ஒரு பாகம் கெட்டால் கப்பலில் வர வேண்டும். அந்த நாட்டிலேயே பலர் இதைச் சொந்தமாக வாங்குவதில்லை. கொலராடோவின் ஸ்டான்டன் பூங்கா போன்ற இடங்களில் பூங்காவே வைத்திருந்து, முன்பதிவு செய்பவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. ஏலகிரியிலோ அமிர்தியிலோ வனத்துறை இப்படி ஒன்றிரண்டு வைத்தால் இந்தப் பக்கம் முழுக்கப் பயன்படுமே என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சென்னை மெரினாவில் 2022ல் கடல் வரைக்கும் மரப்பாதை போட முடிந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானாலும், அப்படி ஒன்று கேட்டால் கிடைக்கும் என்று காட்டியது.

இனி மலை. ஒற்றையடிப் பாதையின் அகலம் ஒரு முழம், ஒன்றரை முழம். வீல்சேரின் அகலம் இரண்டடிக்கு மேல். எந்த மோட்டாரைப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. பாதை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் இன்னும் மோசம், நாற்காலி பள்ளத்தின் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும், ஒரே கையால் அதைத் தடுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். இதற்கு விடையாகத்தான் ஒற்றைச் சக்கர வண்டி வந்தது. பிரான்ஸில் ஜோயல் க்ளோடெல் என்ற மலை வழிகாட்டி, தசைநோய் வந்த தன் உறவுப் பையனை மலைக்குக் கூட்டிப்போக 1987ல் செய்த ஜோலெட் அது. இருக்கைக்குக் கீழே ஒரே ஒரு சக்கரம், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்கள். எடை சக்கரத்தின் மேல், பிடிப்பவர்களுக்குச் சமநிலை பார்ப்பதும் இழுப்பதும்தான் வேலை. கனடாவில் வந்த ட்ரெயில்ரைடரும் இந்த இனம்தான். அதில் கிளிமஞ்சாரோ வரைக்கும் போயிருக்கிறார்கள்.

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி. 2024ல் ரோப் கார் வரும்வரை முடியாதவர்களுக்கு டோலிதான் வழி. டோலியில் ஆளின் முழு எடையும் தூக்குபவர் தோளில். ஒற்றைச் சக்கர வண்டியில் அது இல்லை, அதனால் கூலிக்கு ஆள் பிடிக்காமல் தம்பியின் சிநேகிதர்கள் நாலு பேர் மாற்றி மாற்றிப் பிடித்தாலே ஜவ்வாது மலையில் ஒரு நாள் சுற்றலாம். படிக்கட்டுக்கு இது ஆகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பட்டறையில் செய்ய எனக்குப் பிடித்த வண்டி இதுதான். மொபெட் சக்கரம், ஷாக் அப்சார்பர் ஒன்று, பின்னால் பிடிப்பவர் கையில் பிரேக். இருக்கை மட்டும் கம்பியோ பலகையோ கூடாது.

ஏன் கூடாது என்பதற்கு உடம்பைப் பற்றிப் பேச வேண்டும். எல்லோரும் வண்டியைப் பார்க்கிறார்கள், ஆளைப் படுக்கப் போடுவது பெரும்பாலும் பின்புறத்துப் புண். கரடுமுரடான வழியில் உட்காரும் எலும்பு ஒவ்வொரு குலுக்கலிலும் தோலைத் தேய்க்கிறது, வலி தெரியாது. காற்றறை அல்லது ஜெல் குஷன் போடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி எழும்பியோ முன்னால் குனிந்தோ அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். வீடு திரும்பியதும் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அடுத்த பயணம் தள்ளிப்போக வேண்டும். இடுப்புப் பெல்ட் வேண்டும். பாதத்துக்கும் பட்டை போடுங்கள், நழுவிய கால் சக்கரத்துக்கு முன்னால் இழுபட்டால் எலும்பே உடையலாம்.

வெயில் அடுத்தது. அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது, அதனால் சூடு இறங்காது. சித்திரை வைகாசியில் வேலூரில் பகல் பயணம் வேண்டாம், காலை ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். வெயிலில் நின்ற நாற்காலியின் இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள், உணர்ச்சியில்லாத தொடை வெந்துபோகும். தம்பியைப் போலன்றி நடுமார்பு அளவிலோ அதற்கு மேலேயோ முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வழியில் திடீரென்று தலை வெடிப்பது போல வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். ரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறி அது. குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இறக்கத்தைத் தனியாகப் பழக வேண்டாம். செங்குத்தாக இருந்தால் நாற்காலியைத் திருப்பி, முதுகுப்பக்கம் பள்ளத்தைப் பார்க்க, கீழே ஒருவர் தாங்கியபடி மெதுவாக இறக்குங்கள். ஏற்றத்தில் மல்லாத்துவதைத் தடுக்கும் பின் குட்டிச் சக்கரங்கள் பாறையில் முட்டும் என்று சிலர் கழற்றிவிடுவார்கள். கழற்றினால் பின்னால் ஒருவர் கைப்பிடியை விடாமல் வரவேண்டும், தலைக்கு ஹெல்மெட்டும் வேண்டும்.

எங்கே தொடங்குவது? வேலூர்க் கோட்டைக்குள் போய்விடுங்கள். சமதளம், புல், கொஞ்சம் சரளை, மூன்றும் இருக்கிறது, விழுந்தால் தூக்கவும் ஆள் உண்டு. அப்புறம் ஏலகிரி, பதினாலு கொண்டை ஊசி வளைவும் காரில் ஏறிவிடலாம், மேலே புங்கனூர் ஏரிப் பக்கம் ஓட்டிப் பார்க்கலாம். அமிர்தியில் பூங்காப் பகுதி வரை ஃப்ரீவீல் துணைச்சக்கரத்தோடு சமாளிக்கலாம். அருவியை நோக்கிப் போகப் போகப் பாறை, அங்கே ஒற்றைச் சக்கரமும் ஆட்களும் வேண்டும். ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சாமைக் கொல்லைகளுக்கு நடுவே போகும் மண் தடங்கள்தான் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் வீல்சேருக்கு மிக நல்ல வழி. மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள். காட்டுக்குள் நுழைவதென்றால் வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு நாள் பாகாயத்துக்குப் போய்வர வேண்டும். 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, வீல்சேரில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில் 1966ல் தொடங்கிய சிஎம்சி மறுவாழ்வு மையம் அங்கே இருக்கிறது. இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்கால் உயரம், முதுகுச் சாய்வின் உயரம் என்று அளவு எழுதி வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட வழிகாட்டியும் நாற்காலியைக் கொடுப்பதோடு அளவெடுப்பதையும் பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது. அந்த அளவுச் சீட்டோடும் தனித்துவ அடையாள அட்டையோடும் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனு கொடுங்கள். ‘வீல்சேர் வேண்டும்’ என்று எழுதினால் மறுபடி அதே மடக்கு நாற்காலிதான் வரும். ‘இந்த அளவில், மடக்காத ஃபிரேம், ஒற்றைக் குழாய் ஃபுட்ரெஸ்ட்’ என்று எழுதிக் கேளுங்கள். அது கிடைக்கும்வரை, இப்போதைய நாற்காலியின் ஃபுட்ரெஸ்ட்டைப் பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், குழாயின் சுற்றளவையும் நூல் சுற்றி அளந்து சொல்லுங்கள். எந்த கிளாம்ப் நிற்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.